உருண்டு விழும் உரிமை: 'லாஸ்ட் ஆஃப் த சம்மர் வைன்'

மூணு கிழவர்கள். வேலை இல்லை, அவசரமும் இல்லை. யார்க்‌ஷர் மலைச்சரிவில் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். நடுவில் குளியல் தொட்டி மாதிரி ஏதாவது ஒன்றில் ஏறி உருண்டு விழுகிறார்கள். கதை அவ்வளவுதான். இதை வைத்தே ராய் கிளார்க் ஒற்றை ஆளாக 1973 முதல் 2010 வரை பிபிசிக்கு 295 எபிசோட் எழுதியிருக்கிறார். படப்பிடிப்பு நடந்தது ஹோம்ஃபர்த் என்ற சின்ன ஊரில்.

'அரைச்ச மாவையே அரைக்கிறாங்க' என்பதுதான் இதன்மேல் வழக்கமான புகார். பாதி உண்மை. முதல் இரண்டு சீசன்களில் உருளல் குறைவு, பேச்சு அதிகம். கந்தல் உடைக் காம்போவுக்கும் மிடுக்கான பிளேமைருக்கும் வர்க்கச் சண்டை. நடுவில் கிளெக்கின் வறண்ட கிண்டல். 1976-ல் ஃபாகி வந்த பிறகு அது ஒரு ஃபார்முலா ஆகிவிட்டது: ஒருத்தர் திட்டம் போடுவார், காம்போ அடிபடுவார், கிளெக் தத்துவம் சொல்வார். திட்டம் போடுகிறவர் மாறினாலும் புரோகிராம் ஓடும். மென்பொருள்காரனுக்கு நன்றாகத் தெரிந்த டிசைன்!

இன்னொரு குறை: ஆண்களுக்கு முதுமை என்பது இரண்டாம் பால்யம், நோரா பேட்டிக்கோ கையில் துடைப்பம்தான்.

ஆனால் எல்லாரையும் மாற்றிவிட முடியவில்லை. காம்போவாக நடித்த பில் ஓவன் 1999-ல் இறந்தார். அடுத்த ஆண்டு கிளார்க் மூன்று எபிசோடுகளில் காம்போவுக்கு விடை கொடுத்தார். நடிகர்களின் துக்கமும் பாத்திரங்களின் துக்கமும் ஒன்றான இடம் அது. அதன்பின் ஓவனின் சொந்த மகன் டாம் ஓவனே காம்போவின் மகனாக வந்தார். என்னளவில் அந்த வெற்றிடம் நிரம்பவே இல்லை.

கடைசி சீசன்களில் இன்னொரு இழப்பு. பீட்டர் சாலிஸும் ஃபிராங்க் தார்ன்டனும் வீட்டுக்குள் எடுத்த காட்சிகளில் மட்டுமே வந்தார்கள். காரணம், வெளிப்புறப் படப்பிடிப்புக்கான இன்ஷூரன்ஸ் செலவு. 'வயசாயிடுச்சு, சும்மா உக்காரு' என்று சொல்லும் உலகத்தை முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கேலி செய்த தொடர், கடைசியில் அதே வாக்கியத்துக்குக் கட்டுப்பட்டது. சிரிப்பதா, வருந்துவதா?

அதனால்தான் இப்போது அந்தக் குளியல் தொட்டி எனக்கு அசட்டுத்தனமாகத் தெரிவதில்லை. விழுந்து எழுவதற்கும் ஒரு வயது வரம்பை அடுத்தவர்கள் குறித்துவிடுகிறார்கள், அதுவரை உருளலாம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் முதல் இரண்டு சீசனைப் பாருங்கள். அப்புறம் நேரே காம்போவின் விடைபெறலுக்குப் போய்விடலாம்.