எண்ணத் தெரிந்த பூட்டு

லேடாங் மலையடிவாரத்துத் தங்காக், ஜோகூரில் துணிக்கடைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு கடையில் ஒரு சுருளில் 12 மீட்டர் துணிதான் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கல்லாவிலும் ஒரே நேரத்தில் ஆளுக்கு 8 மீட்டர் பில் போடுகிறார்கள். மென்பொருளில் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைத்தொடர்களும், அதாவது இரண்டு திரெட்டும், '12 இருக்கிறது' என்று படித்துவிட்டால், இல்லாத துணி விற்றுப்போகும். அதனால் பூட்டு. ஒரு திரெட் கணக்கைத் தொட்டு முடிக்கும்வரை மற்றது வெளியே நிற்கும். கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965-இலேயே தீர்வு எழுதிய சிக்கல்தான்.

ருசி இனிமேல்தான். 'விற்பனை' என்ற செயற்கூறு பூட்டைப் போட்டுக்கொண்டு 'இருப்பைக் குறை'யைக் கூப்பிடுகிறது. அதுவும் அதே பூட்டைக் கேட்கிறது. சாதாரணப் பூட்டுக்குக் கேட்பது யாரென்று அக்கறையில்லை, காத்திரு என்கிறது. திரெட் தன்னையே எதிர்பார்த்துக் கிடக்க, கல்லா உறைந்துபோகிறது. ரிக்கர்சிவ் லாக் என்ற வகைப் பூட்டோ பிடித்திருப்பது யார், எத்தனை முறை என்ற இரண்டை மட்டும் நினைவில் வைக்கிறது. வந்தது அதே திரெட் என்றால் எண்ணை 2 ஆக்கி உள்ளே விடும். திரும்புகையில் 1, பிறகு 0. பூஜ்யத்தில்தான் அடுத்தவருக்கு வழி. இந்தச் சிக்கனம் எனக்கு அலுப்பதேயில்லை. ஜாவா மொழியின் ரிக்கர்சிவ் லாக்கான ரீஎன்ட்ரன்ட்லாக்கை ஒரே திரெட் 2147483647 முறை பூட்டலாமாம். அத்தனை ஆழம் யார் போகப்போகிறார்கள்!

கைத்திறன் தெரிவது தூங்கி விழிக்கும் இடத்தில். வேறொரு திரெட்டின் சைகைக்காகத் தூங்கப் போகும்போது பூட்டை விட்டுத்தர வேண்டும். எண் எத்தனையானாலும் ஜாவா முழுக்க அவிழ்த்து, விழித்ததும் அதே எண்ணைத் திரும்ப வைக்கிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. எண் 2-இல் இருக்கும்போது ஒரு சுற்று மட்டும் அவிழ்ந்தால், எழுப்ப வேண்டிய திரெட் வெளியே மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு குறையை எந்த மொழியும் தீர்க்காது. பில் ஏறிவிட்டது, இருப்பு இன்னும் குறையவில்லை. அந்த அரைகுறை நேரத்திலும் அதே திரெட்டை இந்தப் பூட்டு தாராளமாக உள்ளே விடும். லினக்ஸ் கர்னல் முழுமைக்கும் காவலிருந்த 'பிக் கர்னல் லாக்'கும் இதே இனம்தான். 2011-இல், 2.6.39 பதிப்பில், அதை அடியோடு அகற்றினார்கள்.

பழைய நிரலைக் காப்பாற்ற இது அருமையான பூட்டு. புதிதாக எழுதுகிறவர்கள் வெளிச் செயற்கூறில் மட்டும் பூட்டி, உள்ளே பூட்டாத 'இருப்பைக் குறை' ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். கோ மொழியின் நூலகத்தில் ரிக்கர்சிவ் லாக் கிடையவே கிடையாது.