தலவில தென்னையும் சிற்றுண்ணியும்

தென்னஞ் சிற்றுண்ணி இலங்கையில் முதலில் கண்டறியப்பட்டது 1997இன் இறுதியில், தலவில அமைந்திருக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில். மெக்சிக்கோ மாதிரியைக் கொண்டு 1965இல் விவரிக்கப்பட்ட இந்த உயிரி இங்கு வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஒழியவில்லை, ஒழியும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. ஆகவே ஒரு கட்டுப்பாட்டு முறையை மதிப்பிட, எத்தனை உண்ணி செத்தது என்ற கணக்கு போதாது. மாதமொரு பாளை விடும் மரத்தில், அடுத்த குலைக்கும் அந்த முறை துணைநிற்கிறதா? வேலிக்கு அப்பாலுள்ள காணியிலும் பலிக்கிறதா? இவ்விரண்டுமே உரைகல்.

லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிறுவகத்தின் பாம் எண்ணெய், கந்தகக் கலவை எளிமையால் கவர்கிறது: 20 சதவீதம் எண்ணெய், 0.5 சதவீதம் கந்தகம். மரத்துக்குள் நஞ்சேற்றும் முறைகளைப் போல, இளநீரில் என்ன எஞ்சியிருக்குமோ என்ற அச்சம் இதில் இல்லை. குட்டை மரங்களுக்கு நன்று. நெடுமரத்தின் குலையை நனைக்கவோ ஆளும் கருவியும் கூலியும் வேண்டும். அதுவும் திரும்பத் திரும்ப. உண்ணி பரவுவது காற்றில். காற்று ஓயாத இந்தக் கரையில், பக்கத்துக் காணிக்காரர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்துவிட்டால், தெளித்தவரின் செலவு வேலியோடு நிற்கும், பீடை நிற்காது.

அடுத்தது இரைகௌவி உண்ணி, நியோசியூலஸ் பராக்கி. புதிய அந்நிய உயிரி எதையும் இறக்காமல், நமது தோட்டங்களிலேயே வாழ்ந்ததை ஆய்வுகூடத்தில் பெருக்கி மரங்களில் விட்டது முறையியலின் முதிர்ச்சி. தட்டையான அதன் உடலும் காயின் இதழ்களுக்கடியில் நுழைந்து சிற்றுண்ணியைத் தின்னும் வேலைக்கு ஏற்றது. ஆனால் எல்லை எங்கே என்பதைத் தாக்குண்ட குரும்பை ஒன்றே காட்டிவிடும். காம்படியில் மூடியிருக்கும் இதழ்களைப் பெயர்த்தால் உள்ளே வெளிறிய தழும்பு; காய் முற்ற முற்ற அது பழுப்பேறி வெடிக்கிறது, காய் சிறுக்கிறது, பொச்சு உரிக்கச் சண்டித்தனம் செய்கிறது. பழுதில்லாத காயில் இதழுக்கும் காய்க்கும் இடையிலான இடுக்கு உண்ணிக்குப் போதும், இரைகௌவிக்குப் போதாது. தாக்குதலால் இடுக்கு அகன்ற பிறகுதான் அதனால் உள்ளே போக முடிகிறது. சேதத்தைக் குறைக்கலாம், முதற்காயத்தைத் தடுப்பது அரிது. இது செயற்படுத்தியவர்களின் தவறன்று, உயிரியலின் வரம்பு.

1970களின் தொடக்கத்தில் இலைச்சுரங்க வண்டை, சிங்கப்பூரிலிருந்து தருவித்த டிம்மோக்கியா ஜவானிக்கா குளவி அடக்கிய வெற்றியை வைத்து இதைக் குறைசொல்வது எளிது. ஒப்பீடு பொருந்தாது. இலைத்தோலுக்குள் இருந்த புழுவை அந்தக் குளவியால் எட்ட முடிந்தது. காணி எல்லைகளைத் தானே பறந்தும் கடந்தது. இரைகௌவி உண்ணிக்குச் சிறகில்லை.

குறை இருப்பது இங்கேதான். சிறகில்லாத ஒன்றைக் காணிக்காரர் ஒவ்வொருவராகக் கேட்டு வாங்கி விடும் நிலை நீடிக்கும்வரை, கவனிப்பாரற்ற தோட்டங்கள் பீடையின் நாற்றுமேடைகளாகவே இருக்கும். இலங்கைத் தென்னைக் காணிகளில் பெரும்பகுதி சிறு தோட்டங்கள். தனிக்காணியை அலகாகக் கொண்ட எந்தத் திட்டமும் இந்த அமைப்போடு ஒத்துவராது. உயிரியற் கட்டுப்பாடு முறையாகத் தேறுகிறது, எண்ணெய்க் கலவை குட்டை மரங்களுக்குத் துணையாகத் தேறுகிறது, காணிக்குக் காணி நடக்கும் செயற்பாடு தேறவில்லை. தெங்குப் பயிர்ச்செய்கைச் சபை தலவில போன்றதொரு கிராமத்தை முழுதாக எடுத்து, ஆளில்லாக் காணிகளையும் சேர்த்து, ஒரே பருவத்தில் இரைகௌவியை விடட்டும்.