ஆறுதலுக்கு எதிராகச் சில குறிப்புகள்

1

இறந்துபோன நண்பனுக்காக அழுவதற்குத் தமிழில் இலக்கணமே இருக்கிறது. கையறுநிலை என்று பெயர். தொல்காப்பியம் அதைக் காஞ்சித்திணையில் வைத்தது. புறப்பொருள் வெண்பாமாலை பொதுவியலுக்கு நகர்த்தியது. பாரிக்காகக் கபிலரும், அதியமானுக்காக ஔவையும், கோப்பெருஞ்சோழனுக்காகப் பொத்தியாரும் பாடியவை புறநானூற்றில் நமக்குக் கிடைக்கின்றன. அழுகிறவர்கள் அவற்றில் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை, 'எல்லாம் நன்மைக்கே' என்று முடிப்பதுமில்லை.

தமிழுக்கு வந்த கிறிஸ்தவம் இங்கிருந்த இலக்கிய வடிவங்களை அள்ளி எடுத்துக்கொண்டது. காப்பியம் போயிற்று (தேம்பாவணி 1726, இரட்சணிய யாத்திரிகம் 1894), அம்மானை போயிற்று, கீர்த்தனை போயிற்று. கையறுநிலை மட்டும் அதன் மையத்துக்கு வரவில்லை. துறையின் பெயர் தெரியாமல் இது நடந்திருக்க முடியாது. கிருஷ்ண பிள்ளை முறையாகத் தமிழ் படித்தவர். அப்படியானால் இந்த இடைவெளியை ஒரு மௌனமாக வாசிக்க வேண்டும். 'உயிர்த்தெழுவான் என்று நம்புகிறவனுக்குக் கை அறுபடலாமா?' என்ற கேள்வி அந்த மௌனத்துக்குள் இருக்கிறது.

இதை இலக்கிய வரலாற்றுப் பிரச்சினையாக மட்டும் எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது. 2018-ல் மலையில் குறிஞ்சி பூத்தபோது கூட இருந்த என் நண்பன் 2019-ல் இல்லை. கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவன். சிறுபத்திரிகைகளை பஸ்ஸில் கொடுத்தனுப்பிப் படிக்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பிரசங்கத்தை வரிவரியாகக் கிழிக்கிற ஆள், அடுத்த ஞாயிறும் போகிற ஆள். வீட்டார் விரும்பாததால் பெயர் எழுதவில்லை.

2

அடக்கத்தன்று பிரசங்கியார் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை எடுத்துக்கொண்டார். நம்பிக்கை இல்லாதவர்கள் மாதிரி நாம் துக்கப்படக் கூடாது என்பது அந்த இடத்தின் சாரம். அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவு, 'ஆகவே அழக்கூடாது.' ஒப்பாரி வைக்க ஆரம்பித்த கிழவியை இரண்டு பேர், 'சும்மா இரு ஆத்தா, அவன் ஆண்டவர்கிட்ட போயிருக்கான்'னு அடக்கினார்கள்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இங்கே ஒரு இலக்கணச் சிக்கல் படுகிறது. அந்த வாக்கியத்தில் எதிர்மறை எதன்மேல் விழுகிறது? துக்கத்தின்மேல் இல்லை, 'போல' என்ற உவம உருபின்மேல். துக்கம் உண்டு என்பதை வாக்கியம் ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறது. அது மறுப்பது ஒருவகைத் துக்கத்தை மட்டுமே. நம் பிரசங்கங்கள் உவம உருபைத் தின்றுவிட்டு வெறும் தடையுத்தரவை மிச்சம் வைக்கின்றன. அதே பவுல், பிலிப்பியருக்கு எழுதும்போது, சாகக் கிடந்து பிழைத்த எப்பாப்பிரோதீத்துவைப் பற்றிச் சொல்கிறார்: கடவுள் அவனுக்கு மட்டும் இரங்கவில்லை, துக்கத்தின்மேல் துக்கம் வராதபடி எனக்கும் இரங்கினார் என்கிறார். தோழன் செத்திருந்தால் துக்கம் வந்திருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஆறுதல் என்பது ஒரு சொல்லாடல். அதற்கு அதிகாரம் உண்டு. யார் எவ்வளவு நேரம் அழலாம், எந்தக் குரலில் அழலாம், எந்த இடத்தில் பாட்டாக மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. ஒப்பாரியை நிறுத்திவிட்டு ஞானப்பாட்டைத் தொடங்கும் அந்த நிமிஷத்தில், பெண்களின் வாயிலிருந்த துக்கம் ஆண்களின் புத்தகத்துக்குள் போய்விடுகிறது.

இதற்கு ஒரு இலக்கிய முன்மாதிரியும் இருக்கிறது. கிருஷ்ண பிள்ளையின் காப்பியத்துக்கு மூலமான பனியனின் கதையில் (முதல் பாகம், 1678) கிறிஸ்தியானோடு வழிநடந்த தோழன், விசுவாசத்தின் பெயர் கொண்டவன், மாயாபுரிச் சந்தையில் கொல்லப்படுகிறான். அவன் ஆத்துமா ரதத்தில் மேலே போகிறது. அதே சந்தையிலிருந்து இன்னொருவன் புறப்பட்டு வந்து கிறிஸ்தியானோடு சேர்ந்துகொள்கிறான். அவன் பெயர் நம்பிக்கை. உருவகமாகப் பார்த்தால் இது அழகான ஏற்பாடு. தோழமையாகப் பார்த்தால் பயங்கரமானது. செத்தவனின் இடம் ஒரு நாள்கூடக் காலியாக இருக்கவில்லை. பயணிக்கு நின்று அழ நேரம் கொடுக்கப்படவில்லை. கதை பயணத்தின் கதை, ஆகவே நிற்பது குற்றம். கோப்பெருஞ்சோழனின் பொத்தியாரை இதோடு வைத்துப் பாருங்கள். மகன் பிறந்தபின் வா என்று சோழன் திருப்பி அனுப்பிவிட, திரும்பி வரும்போது அங்கே நடுகல்தான் நிற்கிறது. அவர் அந்தக் காலி இடத்தின் முன்னால் நிற்கிறார், கல்லிடம் இடம் கேட்கிறார். புறநானூறு அவரை நிற்க விடுகிறது.

3

கோடைக்கானலைச் சுற்றுலாக் கையேடுகள் 1863-ல் லெவிஞ்ச் உண்டாக்கிய ஏரியிலிருந்து ஆரம்பிக்கும். அந்த ஊர் உண்மையில் சாவுகளிலிருந்து ஆரம்பித்தது. மதுரையில் 1834-ல் காலூன்றிய அமெரிக்கன் மிஷன், காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தன் ஆட்களைக் கொடுத்துக்கொண்டிருந்தது. சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அதன்பிறகுதான் 1845-ல் கோடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகள் எழுந்தன. அடுத்த பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் பக்கத்திலேயே ஒரு சிறு கோயில் வந்தது, கூடவே கல்லறைத் தோட்டமும் வந்தது. அந்தக் குன்றுக்கு அவர்கள் வைத்த பெயர் நேபோ.

இந்தப் பெயரைக் கவனிக்க வேண்டும். உபாகமத்தின் கடைசி அதிகாரத்தில் மோசே ஏறிய மலை நேபோ. அங்கிருந்து வாக்களிக்கப்பட்ட தேசம் முழுவதையும் கடவுள் அவனுக்குக் காட்டுகிறார். நீ அதற்குள் போகமாட்டாய் என்றும் சொல்லிவிடுகிறார். அவன் அங்கேயே சாகிறான், கல்லறை எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஜனங்கள் முப்பது நாள் அழுகிறார்கள். சீயோன் என்றோ எபெனேசர் என்றோ பெயர் வைத்திருக்கலாம். நேபோ என்று வைத்தவர்கள் தங்களையறியாமல் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. விசுவாசம் தூரத்தில் காட்டும், உள்ளே கொண்டுபோய் விடாது, நடுவில் முப்பது நாள் அழுகை உண்டு.

ஆனால் நேபோவின் கற்கள் எல்லோருக்குமானவை இல்லை. மோட்டார் ரோடு வருவதற்கு முன், பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து துரைமாரையும் துரைசானிகளையும் டோலியிலும் நாற்காலியிலும் வைத்துத் தோளில் சுமந்து ஏறியவர்கள் இருந்தார்கள். அவர்கள் செத்தபோது யார் கல் நட்டார்கள்? இன்னும் பின்னால் போனால், இதே மலையின் கல்திட்டைகளைச் செண்பகனூரிலிருந்த சேசுசபைப் பாதிரியார் ஆங்கிலேடும் அவரோடு நியூட்டனும் ஆராய்ந்தார்கள். அந்த நூலைத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. அந்தக் கற்களில் பெயர் இல்லை, வசன எண் இல்லை. யாரோ யாருக்காகவோ இவ்வளவு கனமான பாறையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது. கையறுநிலைக்கு அது போதும். இறந்தவன் எங்கே போனான் என்ற சித்தாந்தம் இல்லாமலே, அவன் இங்கே இல்லை என்பதை அந்தப் பாறை சொல்லிவிடுகிறது.

4

நண்பன் செத்த பிறகு எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆலோசனை வந்தது. கோயில் பக்கத்திலிருந்து, 'குறிஞ்சியைப் பாருங்க தம்பி, பன்னெண்டு வருஷம் மண்ணுக்குள்ள கிடந்து திரும்ப வருது, உயிர்த்தெழுதலுக்கு இதைவிட சாட்சி வேணுமா?' இலக்கிய நண்பர்கள் பக்கத்திலிருந்து, 'இனியாவது அந்தச் சாமியை விட்டுடுவியா?'

முதல் வாதம் தாவரவியல்படியே நிற்காது. நீலக்குறிஞ்சி ஒரே முறை பூத்து, விதைபோட்டுச் செத்துப்போகிற செடி. 2018-ல் பூத்த செடிகள் போய்விட்டன. 2030-ல் பூக்கப்போவது அவற்றின் விதையிலிருந்து வந்தவை. இனம் திரும்புகிறது, தனிச்செடி திரும்புவதில்லை. என் துக்கம் இனத்தைப் பற்றியது இல்லை. உலகத்தில் வாத்தியார்கள் இருப்பார்கள், சிறுபத்திரிகை வாசகர்கள் இருப்பார்கள், இவன் இல்லை. உயிர்த்தெழுதல் என்பதற்கு அர்த்தம் இருந்தால் அது இயற்கையின் சுழற்சியாக இருக்க முடியாது. சுழற்சிக்கு விசுவாசம் எதற்கு? காலண்டர் போதுமே. விசுவாசம் கேட்கப்படுவது இயற்கையில் நடக்காத ஒன்றுக்காக. அதை இயற்கையிலிருந்து எடுத்த உதாரணத்தால் நிரூபிக்கப் பார்க்கிறவர், விசுவாசத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அதை வீணாக்குகிறார்.

இரண்டாவது வாதம் நேர்மையானது. ஆனால் அது ஆறுதலையும் கடவுளையும் ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. ஆறுதல் பொய்த்தது, ஆகவே கடவுள் பொய் என்கிறது. பிரசங்கியாரும் என் நாத்திக நண்பரும் இந்த ஒரு புள்ளியில் கைகோத்துக்கொள்கிறார்கள். விசுவாசம் என்றால் வலி தீர்க்கும் மருந்து என்பது இருவருக்கும் பொது. மருந்து வேலை செய்தது என்கிறார் ஒருவர், இல்லை என்கிறார் மற்றவர். அது மருந்துதானா என்று இருவருமே கேட்பதில்லை.

5

வேதாகமத்தில் நண்பனுக்கான மிகப் பெரிய புலம்பல் யோனத்தானுக்காகத் தாவீது பாடியது. 2 சாமுவேல் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பப் படித்தபோது ஒன்று தெரிந்தது. அந்தப் பாட்டுக்குள் கடவுளின் பெயர் ஒரு இடத்தில்கூட வருவதில்லை. மலைகளைச் சபிக்கிறான், பனியும் மழையும் பெய்ய வேண்டாம் என்கிறான், செத்தவனின் வில்லைப் பேசுகிறான், அவன் அன்பைப் பேசுகிறான். சித்தம் என்றோ சந்திப்போம் என்றோ எதுவும் இல்லை. சங்கீதங்களின் ஆசிரியன் என்று மரபு கொண்டாடுகிற ஆள், தோழன் செத்தபோது கடவுளைப் பற்றி மௌனமாக இருந்தான். அந்த மௌனத்தை வேதம் வெட்டியெறியவில்லை, தனக்குள் வைத்துக்கொண்டது. துறை பிரித்துச் சொல்வதானால் அது சுத்தமான கையறுநிலை. நாம் இரவல் வாங்க வேண்டியிருக்கவே இல்லை, வந்த புத்தகத்திலேயே இருந்தது.

யோவான் பதினோராம் அதிகாரத்தில் லாசருவின் கல்லறை முன் இயேசு அழுகிறார். கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறவர் அவர். முடிவு தெரிந்தவர். முடிவு தெரிந்தால் அழ வேண்டாம் என்ற தர்க்கத்தின்படி அங்கே அழுகைக்கு இடமே இல்லை. ஆனாலும் பிரதி அவரை அழவைக்கிறது. உயிர்த்தெழுதல் அழுகையை ரத்து செய்வதில்லை என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் நான் அவனுக்கு எதையாவது வாசிக்கலாம் என்று வேதாகமத்தை எடுத்தேன். 'எண்பத்தெட்ட படிப்பா. மேய்ப்பர் சங்கீதமெல்லாம் வேண்டாம், எல்லாரும் அதையே படிச்சுட்டுப் போறாங்க' என்றான். எண்பத்தெட்டாம் சங்கீதம் மற்ற புலம்பல் சங்கீதங்கள் மாதிரி கடைசியில் துதிக்குத் திரும்புவதில்லை. சிநேகிதர்களை நீ தூரமாக்கிவிட்டாய் என்று குற்றஞ்சாட்டி, இருட்டில் நின்றுவிடுகிறது. படித்து முடித்ததும், 'பாத்தியா, திட்டுறதுக்கும் அவர்கிட்டதான் போறான்' என்றான். என் வாசிப்பின் அடிப்படை இந்த ஒரு வாக்கியம்தான். இந்தக் கட்டுரையில் நான் செய்ததெல்லாம் அதற்கு உரை எழுதியதுதான்.

6

இதற்கு எதிர்வாதம் அகஸ்தீனிடம் இருக்கிறது. தன் ஒப்புதல்களின் நான்காம் புத்தகத்தில், இளவயதில் சொந்த ஊரில் செத்த நண்பனைப் பற்றி எழுதுகிறார். ஊரே சித்திரவதையாகிப்போனது, கண்கள் அவனை எங்கும் தேடின என்று துக்கத்தை இவ்வளவு நெருக்கமாக எழுதியவர்கள் குறைவு. ஆனால் எழுதும்போது அவர் ஆயராகிவிட்டார். ஆகவே சாகப்போகிறவனைச் சாகாதவன்போல நேசித்ததுதான் கோளாறு என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார். இவ்வளவு அழப்பட்ட அந்த நண்பனுக்குப் பிரதியில் பெயர் கிடையாது. அவன் ஒரு பாடத்துக்கான உதாரணமாகிவிட்டான். நண்பனைக் கடவுளுக்குள் நேசி என்பது சரியான வாக்கியம்தான். ஆனால் நேசிக்கப்பட்டவன் அதில் கரைந்துபோகிறான் என்றால் அந்த வாக்கியம் எனக்கு வேண்டாம்.

நம்மிடமிருந்தே ஒரு மாற்று இருக்கிறது. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருவாவடுதுறைச் சைவர். வேதநாயகம் பிள்ளைமீது மகாவித்துவான் குளத்தூர்க் கோவை பாடினார். 1876 பிப்ரவரியில் மகாவித்துவான் இறந்தபோது கடைசிவரை கூட இருந்து பணிவிடை செய்த மாணவர்களில் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவரும் ஒருவர். அன்றைய மறைக்கல்வி, ஞானஸ்நானம் பெறாத நண்பனுக்குச் சொர்க்கத்தில் எளிதாக இடம் தருவதில்லை. பிரசங்கியாரின் ஆறுதல் இங்கே செல்லாது. அவர்களுக்கு மிஞ்சியது நட்பும், நட்பைக் கைவிடாத விசுவாசமும். 1878-ல் வேதநாயகம் பிள்ளையின் சர்வ சமய சமரசக் கீர்த்தனை வருகிறது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்தச் சமயத்தின் பெயரும் சொல்லாமல் கடவுளிடம் பேசுகிற ஒரு மொழியைத் தேடியவர், தன் நண்பனை இழந்த ஒரு மனிதர் என்பதை மறந்துவிட்டு அந்த நூலை நாம் வாசிக்க முடியாது.

7

விசுவாசத்தை வைத்துக்கொண்டு துக்கப்படுவது எப்படி என்று கேட்பவர்கள் பெரும்பாலும், துக்கம் எப்போது முடியும் என்றுதான் கேட்கிறார்கள். வேதமும் புறநானூறும் சேர்ந்து எனக்குச் சொல்வது வேறு. 'கையறு' என்றால் செய்ய ஒன்றுமில்லாமல் நிற்பது. ஜெபத்துக்கும் அதே நிலைதான் முதல் நிபந்தனை. கையில் ஏதாவது இருக்கிறவன் பேரம் பேசலாம், ஜெபிக்க முடியாது. இந்த இரண்டு நிலைகளையும் ஒன்றுக்கொன்று பகையாக்கியது நம்முடைய பிரசங்க மேடை. நம் சபைகளில் ஒப்பாரிக்கும் எண்பத்தெட்டாம் சங்கீதத்துக்கும் இடம் திரும்பக் கிடைக்க வேண்டும். இதை நான் நாட்டார் வழக்காற்றுப் பாதுகாப்பாகச் சொல்லவில்லை, இறையியல் கோரிக்கையாகவே வைக்கிறேன்.

நான் இன்னும் கோயிலுக்குப் போகிறேன். எனக்கு ஆறுதல் கிடைத்துவிட்டது என்பதால் இல்லை. கேட்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது, அதைக் கேட்பதற்கு வேறு முகவரி என்னிடம் இல்லை.