பட்டியலில் ஏறாத விடியல்

கென் காஃப்மனின் ‘கிங்பேர்ட் ஹைவே’ (1997) எனக்குப் பிடித்த நூல். 1973இல், 19 வயதில், கையில் காசில்லாமல், போகிற வருகிற வண்டிகளை நிறுத்தி ஏறி, வட அமெரிக்கா முழுக்கப் பறவை தேடிய கதை. பட்டியலை நீட்டுவதைவிடப் பறவையை அறிவதே பெரிது என்று அவர் உணரும் இடம் அருமை. ஆனால் முன்பின் தெரியாதவரின் வண்டியில் ஏறவும், வழியோரம் படுத்துறங்கவும் எந்த உடலால் முடியும்? அந்தக் கேள்வி நூலின் மையத்துக்கு வருவதில்லை.

பணமும் வழிகாட்டியும் இருந்தால் போதும் என்பார்கள். ஃபீபி ஸ்னெட்சிங்கருக்கு இரண்டும் இருந்தன. 8,000க்கும் மேற்பட்ட பறவையினங்களைப் பார்த்தவர். 1986இல் பப்புவா நியூ கினியில் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். பிறகும் பயணத்தை நிறுத்தவில்லை. அதைத் துணிச்சல் என்று புகழ்வதோடு முடித்துக்கொண்டால், வன்முறையைப் பெண்ணின் மனவலிமைக்கு வைத்த பரீட்சையாக்கிவிடுகிறோம்.

பாங்காக்கிலிருந்து பாங் பூ கடற்கரைக்குத் தனியாகப் போனேன். கேஹா வரை மேம்பால ரயில். பிறகு, இருபுறமும் பெஞ்சு போட்ட சோங்தேவ் வண்டி. முதல் ரயிலையே பிடித்திருக்கலாம். இருட்டில் தெரியாத தெருவில் நிற்கத் தயங்கி, நன்றாக வெளுத்த பிறகே கிளம்பினேன். பழுப்புத்தலைக் கடற்காகங்களைப் பார்த்தேன், விடியலைப் பார்க்கவில்லை.

இனம், இடம், நேரம் என்று பறவைப் பட்டியலில் எழுதுகிறோம். என் குறிப்பேட்டில் ‘காலை 8.40’ என்றிருக்கிறது. ஏன் 6 மணி இல்லை என்பதையும் பக்கத்தில் எழுதிவைத்தேன். அதுவும் களக்குறிப்புதான்.