ஏலத்தில் ஜெயித்து, களத்தில் தோற்கும் தலைவாஸ்

2023 டிசம்பர் 22. சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த புரோ கபடி ஆட்டத்தில் பாட்னா பைரேட்ஸிடம் தமிழ் தலைவாஸ் தோற்றது. மறுநாள் காலை ஷிப்ட். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீன் வரிசையில் நின்ற பிகார் பையன்கள் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லையாம். சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போது மட்டும் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்களாம். இதைச் சொன்னவர் அங்கே வெல்டிங் ஷாப்பில் வேலை பார்க்கும் தென்காசிக்காரர். “அந்தச் சத்தம் இன்னும் காதுல கேக்குதுண்ணே” என்கிறார்.

அந்த வாரம் அதோடு விடவில்லை. ஜெய்ப்பூரிடம் ஒரே ஒரு புள்ளியில் போனது. அடுத்து ஹரியானா, அடுத்து குஜராத். சொந்த ஊரில் நான்கு ஆட்டம், நான்கும் தோல்வி.

புரோ கபடியின் 13-வது சீசனைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. அதைக் கேட்க ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கத்தைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் கிடையாது. சென்னை நகரத்தில் தலைவாஸ் ரசிகருக்குப் பக்கத்தில் இன்னொரு தலைவாஸ் ரசிகர்தான் இருப்பார். இங்கே ஒரே வாடகை வீட்டில் பாட்னாவுக்கு ஒருவர், ஹரியானாவுக்கு ஒருவர், பெங்காலுக்கு இரண்டு பேர். இரவு ஆட்டம் என்பதால் பி ஷிப்ட்காரர்களுக்கு நேரலை வாய்க்காது. டீ இடைவேளையில் ஸ்கோர் பார்த்து, கம்பெனி பஸ்ஸில் ஹைலைட்ஸ் ஓட்டி, இறங்கும் இடம் வருவதற்குள் சண்டையை முடிக்க வேண்டும். சுங்குவார்சத்திரத்தில் தொடங்கும் அந்தச் சண்டை எல்லாமே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: இந்தத் தடவை ஏலத்தில் யாரை எடுப்பாங்க?

எனக்கு அந்தக் கேள்வியோடுதான் தகராறு.

தலைவாஸ் 2017-ல், ஐந்தாவது சீசனில் லீகுக்குள் வந்தது. ஏழாவது சீசனில், 2019-ல், அந்த அணியில் இருந்த பெயர்களைப் பாருங்கள்: அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர். கபடி தெரிந்த எவரும் கையெடுத்துக் கும்பிடும் மூவர். 22 ஆட்டங்களில் நான்கே வெற்றி. பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். எட்டாவது சீசனில் பதினொன்று. பத்தாவதிலும் பதினொன்றாவதிலும் ஒன்பது. இத்தனைக்கும் பதினொன்றாவது சீசன் ஏலத்தில் யாரும் எட்டாத விலையான 2.15 கோடி கொடுத்து சச்சின் தன்வரைத் தூக்கிய அணி இது. ஐந்து கோடி உச்சவரம்புக்குள் ஓர் அணியையே கட்ட வேண்டிய விளையாட்டில், ஒரு ரைடருக்கு மட்டும் இரண்டேகால் கோடிக்குக் கொஞ்சம் குறைவு!

இடையில் விட்ட ஒன்பதாவது சீசனில்தான் விஷயமே இருக்கிறது. 2022-ல் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு வாங்கினார்கள். அன்றைய தேதியில் அதுதான் லீகின் சாதனை விலை. அணியின் பணத்தில் கிட்டத்தட்ட பாதி. முதல் ஆட்டம் குஜராத்துடன். முதல் பாதி முடிவதற்குள்ளேயே, எதிரணி ரைடரைப் பிடிக்கப் போன இடத்தில் பவனுக்கு முழங்கால் போனது. சீசனே முடிந்தது. நடுவழியில் பயிற்சியாளரும் மாறினார். உதயகுமார் போய் அஷன் குமார் வந்தார். சுருக்கமாகச் சொன்னால், குடும்பத்தலைவன் இல்லாத வீடு.

ஆனால் நடந்தது என்ன? நரேந்தர் என்று ஒரு புதுமுகம் 243 ரைடு புள்ளி எடுத்தான். அதுவரை எந்த அறிமுக ரைடரும் அவ்வளவு எடுத்ததில்லை. கூட அஜிங்க்யா பவார். பின்னால் சாகர் ராட்டி, சாஹில் குலியா, மோஹித், நம்மூர் எம். அபிஷேக் என்று இளவட்டத் தடுப்பு வரிசை. பட்டியலில் ஐந்தாவது இடம், எலிமினேட்டரில் யு.பி. யோதாவை டைபிரேக்கரில் வீழ்த்தி அரையிறுதி, அங்கே புனேயிடம் 37-39. இரண்டே புள்ளி. தலைவாஸ் இதுவரை பிளே-ஆஃப் பார்த்த ஒரே சீசன் அதுதான், அதுவும் கோடிகள் பெஞ்சில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்தபோது.

இதைத் தற்செயல் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கபடியில் பிடி என்பது ஒருவன் வேலையே இல்லை. கார்னர்காரன் குனிந்து கணுக்காலைப் பிடிக்கிறான் என்றால், பக்கத்தில் கைகோத்து நிற்கும் ‘இன்’ ஆட்டக்காரன் அதே நொடியில் மேலே விழ வேண்டும், அடுத்து நிற்கும் ‘கவர்’ ஆட்டக்காரன் வந்து கோட்டுக்குப் போகும் வழியை மறிக்க வேண்டும். யாரோ ஒருவன் அரை நொடி தாமதித்தால் ரைடர் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். மூன்று பேர் வெளியே. அந்த ஒத்திசைவு ஏலத்தில் விற்பதில்லை. ஒரே ஆட்கள் இரண்டு மூன்று வருஷம் சேர்ந்து ஆடினால்தான் வரும். லைனில் வேலை செய்கிறவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்டேஷனில் எவ்வளவு பெரிய கில்லாடி நின்றாலும் பக்கத்து ஸ்டேஷன் தடுமாறினால் வண்டி வெளியே வராது.

பதினொன்றாவது சீசன் இதற்கு மறுபக்கச் சாட்சி. அந்த வருடம் லீகில் அதிகப் பிடிப் புள்ளி எடுத்தவர்களில் ஒருவர் தலைவாஸின் நிதேஷ் குமார்: 77. ஆனாலும் ஒன்பதாவது இடம். ஒரு மூலையில் இரும்புத் தூண் நின்றால் எதிரணி ரைடர் மறு மூலைக்குப் போய் ஆடிவிட்டு வருகிறான், அவ்வளவுதான்.

போன சீசனைப் பற்றிப் பேச எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஜெய்ப்பூர் பட்டம் வென்ற சீசனில் 296 ரைடு புள்ளி எடுத்த அர்ஜுன் தேஷ்வால் 1.405 கோடிக்கு வந்தார். பவன் கேப்டனாகத் திரும்பினார். அதே ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கித் தந்த சஞ்சீவ் பாலியான் பயிற்சியாளர். தாளில் பார்த்தால் இறுதிப்போட்டி அணி. தொடங்கிச் சில ஆட்டங்களிலேயே ஒழுங்குக் காரணம் என்று அறிவித்து பவனை அணி வீட்டுக்கு அனுப்பியது. அவர் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். ஆயுத பூஜையை ஒட்டிச் சென்னையில் ஆட்டங்கள் நடந்தபோது அர்ஜுன் ஒருவரே மூச்சுப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். எட்டு அணிகளுக்கு அடுத்த சுற்று உண்டு. அந்த எட்டிலும் தலைவாஸ் இல்லை.

சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்கிறோம். அதற்குப் பொருள் தருவது இந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பாதைதான். அசல் டெட்ராய்ட்டிலும் ஒரு தலைவாஸ் உண்டு. அமெரிக்கன் ஃபுட்பாலில் டெட்ராய்ட் லயன்ஸ். உரிமையாளர்கள் ஃபோர்டு குடும்பம். கார் கம்பெனிகள் அரசிடம் கடனுக்கு நின்ற 2008-ல் அந்த அணி 16 ஆட்டம் ஆடிப் பதினாறிலும் தோற்றது. அங்கேயும் சம்பள உச்சவரம்பு உண்டு, அங்கேயும் ஒரு நட்சத்திரத்தை நம்பிப் பல வருடம் ஓடியது. 2021-ல் அந்த நட்சத்திரம் மாத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். போன வேகத்தில் அவர் அங்கே சூப்பர் பவுல் கோப்பையை வென்றார். டெட்ராய்ட் ரசிகருக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் லயன்ஸ் அந்த ஆண்டு புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதலில் எடுத்தது பந்து வீசுகிறவனையோ ஓடுகிறவனையோ அல்ல. முன்வரிசையில் நின்று எதிரணியை மறிக்கும் பெனே சூவெல் என்ற மலை. அப்படியே ஒவ்வோர் இளைஞராகச் சேர்த்தார்கள். 2024 ஜனவரியில், 32 ஆண்டுகளுக்குப் பிறகு, பிளே-ஆஃபில் ஒரு வெற்றி. 24-23. எதிரே நின்றது அதே ஸ்டாஃபோர்டின் ராம்ஸ்.

லயன்ஸ் பயிற்சியாளரையும் மாற்றாமல் காத்தது. இங்கே எட்டாவது சீசனிலிருந்து எண்ணுங்கள்: உதயகுமார், அஷன் குமார், மறுபடி உதயகுமாரும் சேரலாதனும், அப்புறம் பாலியான். இதில் சேரலாதன் நம்மூர்க்காரர், பாட்னாவுக்கே கேப்டனாக இருந்து நான்காவது சீசன் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். ஒரே சீசனில் அனுப்பிவிட்டார்கள்.

இன்னொரு வேதனை. மணத்தி கணேசன் போன்ற பழைய ஆட்டக்காரர்கள் காலத்தில் கபடி ஆடினால் மில்லிலோ அரசு நிறுவனத்திலோ வேலை கிடைத்தது. வேலையோடு ஓர் அணியும் இருந்தது. இன்று பொங்கலுக்குச் சொந்த ஊரில் ரைடு போகிற பையன், மாட்டுப்பொங்கல் முடிந்ததும் ஒப்பந்தத் தொழிலாளியாக இங்கே பஸ் ஏறுகிறான். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கென்று 18,720 படுக்கைகளோடு விடுதி கட்டியிருக்கிறார்கள். கண்ணகி நகர் கார்த்திகா 2025-ல் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்று வந்த பிறகு, அங்கே இருக்கும் பெண்கள் எங்களுக்கு லீக் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. புரோ கபடிக்காரர்கள் 2016-ல் மூன்று பெண்கள் அணிகளோடு ஒரு முன்னோட்டம் காட்டினார்கள், அதோடு சரி.

சரி, கணிப்புக்கு வருகிறேன். பாலியானை வைத்திருந்து, தடுப்பு வரிசையைக் கலைக்காமல், அர்ஜுனுக்குத் துணையாக நம்மூர் மைதானங்களிலிருந்து பசியோடு ஓர் இரண்டாவது ரைடரைத் தேடிப் பிடித்தால் முதல் ஐந்துக்குள் வரலாம். மறுபடி இரண்டு கோடிக்குக் கை தூக்கினால் வழக்கமான ஒன்பதாவது இடம். ஏல நாளில் அவர்கள் முதலில் எடுப்பது ரைடரா, கவரா என்று மட்டும் கவனியுங்கள். ரைடர் என்றால் சீசன் வரை காத்திருக்காமல் பாட்னாக்காரனிடம் அன்றைக்கே சமாதானம் பேசிவிடுங்கள்.