லூசியை யார் நம்புவது?

சி.எஸ். லூயிஸின் ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’ 1950இல் வெளிவந்தது. பத்து வயதுப் பிள்ளை இன்றும் அதைக் கீழே வைக்க மனமில்லாமல் படிப்பதற்குச் சிங்கமும் சூனியக்காரியும் மட்டும் காரணமல்ல. இன்னோர் உலகத்துக்குள் நுழையும் அந்தச் சில நொடிகளை லூயிஸ் எழுதியிருக்கும் விதமே முதல் காரணம்.

போர்க்காலக் குண்டுவீச்சுக்கு அஞ்சி லண்டனிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்ட நான்கு உடன்பிறப்புகளில் இளையவள் லூசி. மழை பெய்யும் நாளில் ஒரு பழைய துணி பீரோவுக்குள் ஏறுகிறாள். கதவை மறக்காமல் திறந்தே வைக்கிறாள். தொங்கும் கோட்டுகளை விலக்கிக்கொண்டு, பின்பலகை எங்கே என்று கையை நீட்டியபடி நடக்கிறாள். காலடியில் ஏதோ நொறுங்குகிறது. பாச்சை உருண்டையாக இருக்குமோ என்று குனிந்து தொட்டால் சில்லென்று இருக்கிறது, பனி! முகத்தில் உரசிய கோட்டு இப்போது மரக்கிளையாகக் குத்துகிறது. மந்திரச் சொல் எதுவும் இல்லை. தொட்டுத் தொட்டே நார்னியா என்னும் அந்த உலகத்துக்குள் போய்விடுகிறோம்.

அடுத்து வருவது இன்னும் வலுவானது. திரும்பி வந்து சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. இரண்டாவதாக உள்ளே போன அண்ணன் எட்மண்ட், சூனியக்காரி தந்த டர்கிஷ் டிலைட் என்னும் இனிப்பைத் தின்றுவிட்டு வந்து, எல்லாம் வெறும் விளையாட்டு என்று பொய் சொல்கிறான். இங்கிலாந்தில் இனிப்புக்கான ரேஷன் முடிந்தது 1953இல்தான். அந்த ஆசையின் வலிமை அன்றைய பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். வீட்டுக்காரரான பேராசிரியரோ, இருவரில் வழக்கமாக உண்மை பேசுபவர் யார் என்று கேட்கிறார். சின்னப் பெண்ணின் சொல்லைப் பெரியவர் ஒருவர் மதித்து யோசிக்கும் அந்த இடம், படிக்கும் குழந்தைக்குக் கிடைக்கும் பெரிய மரியாதை.

பிற்பாதியில் இந்தப் பிடி தளர்கிறது. அஸ்லான் என்னும் சிங்கம் வந்த பிறகு முக்கியமான முடிவுகள் பெரும்பாலும் அதன் கைக்குப் போய்விடுகின்றன. சூனியக்காரியின் மந்திரக்கோலைத் தானாகவே முடிவெடுத்து உடைக்கும் எட்மண்ட் நல்ல விதிவிலக்கு. கிறிஸ்துமஸ் தாத்தா அக்கா சூசனுக்கு வில்லும் லூசிக்குக் குறுவாளும் கொடுக்கிறார்; கொடுத்த கையோடு, போரில் நீங்கள் சண்டையிட வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறார். கதவைக் கண்டுபிடித்தவளுக்கே இந்தத் தடை!

முடிவு இன்னும் அவசரம். நால்வரும் அரசர்களாகவும் அரசிகளாகவும் ஆண்டு வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். பீரோ வழியாகத் திரும்பியதும் மறுபடி சிறுவர்கள். வாழ்ந்த அத்தனை ஆண்டுகளும் போனதைப் பற்றி ஒரு பெருமூச்சுகூட இல்லை. காணாமல்போன நான்கு கோட்டுகளுக்குப் பேராசிரியரிடம் விளக்கம் சொல்லும் கவலைதான் இருக்கிறது. போகும் வாசலுக்குக் காட்டிய பொறுமையைத் திரும்பும் வாசலுக்கு லூயிஸ் காட்டவில்லை.

நார்னியா வரிசையின் ஏழாவது நூலான ‘தி லாஸ்ட் பேட்டில்’ (1956) இதைவிடக் கடுமையானது. லிப்ஸ்டிக்கிலும் விருந்துகளிலும் நாட்டம் கொண்டவளாகிவிட்டாள் என்று சூசன் நார்னியாவின் நண்பர்களிலிருந்து விலக்கப்படுகிறாள். எழுத்தாளர் பிலிப் புல்மன் இதைக் கடுமையாகக் கண்டித்தார். இன்னோர் எழுத்தாளர் நீல் கெய்மன் சூசனை மையமாக வைத்துத் தனிச் சிறுகதையே எழுதினார். வளர்வதையே குற்றமாக்கும் இந்த முடிவு, வளர்ந்துகொண்டிருக்கும் வாசகருக்குச் செய்யும் அநியாயம்.

ஆனாலும் முதல் நூலைப் பிள்ளைகளுக்குத் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். ஏழு நூல்களையும் முடித்துவிட்டு வந்தால், சூசனுக்கு நடந்தது நியாயமா என்று அவர்களிடமே கேளுங்கள்.