தலைகீழாகத் தொங்கும் மனிதன்: ஒரு டாரட் சீட்டின் பொருள்மாற்றம்

முன்னுரை

டாரட் சீட்டுக்கட்டின் பன்னிரண்டாம் சிறப்புச் சீட்டு, ஒற்றைக் காலில் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கும் இளைஞனைக் காட்டுகிறது. குறி சொல்லும் நூல்கள் இதனைத் தன்னை ஒப்புக்கொடுத்தல், பொறுமை, புதிய பார்வை ஆகியவற்றின் குறியீடாக விளக்குகின்றன. இப்பொருள் அவ்வோவியத்திலேயே உறைந்துள்ளதா, பின்னர் ஏற்றப்பட்டதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தண்டனையின் படிமம்

டாரட் 15 ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஒரு சீட்டாட்டமாகத் தோன்றியது. அக்கால இத்தாலிய நகரங்களில் துரோகிகள், கடன் ஏய்த்தவர்கள் ஆகியோரைப் பொதுச்சுவர்களில் இழிவுபட வரையும் வழக்கம் இருந்தது. ‘பித்தூரா இன்ஃபமாந்தே’ எனப்பட்ட இவ்வோவியங்களில், குற்றவாளி பெரும்பாலும் ஒரு காலில் தலைகீழாகத் தொங்குவான். தப்பியோடியவரின் உடலைத் தண்டிக்க இயலாத அரசு அவரது மானத்தைத் தண்டித்தது. 1440 இல் ஃபுளோரன்சு நகரக் கிளர்ச்சியாளர்களை இவ்வாறு வரைந்த ஆந்திரேயா தெல் கஸ்தாஞோவுக்குத் ‘தூக்கிலிடப்பட்டோரின் ஆந்திரேயா’ என்னும் பொருள்படும் பட்டப்பெயரே நிலைத்தது.

மிலான் அரசவைக்காக வரையப்பட்ட விஸ்கோந்தி-ஸ்ஃபோர்சா கட்டிலும் இச்சீட்டு உள்ளது. அம்மரபின் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சாவின் தந்தை மூத்சியோவும் அணிமாறியதற்காக உரோமில் இவ்வாறே வரையப்பட்டு இழிவுபடுத்தப்பட்டவர். அச்சீட்டுகளில் பெயரோ எண்ணோ இல்லை. அவற்றைக் கையாண்டோர்க்கு அவ்விளக்கம் தேவைப்படவில்லை. சுவரில் கண்டதையே சீட்டிலும் கண்டனர்.

பொருள் மாறிய முறை

அவ்வழக்கம் மறைந்தபின் படிமம் மட்டும் எஞ்சியது. 1781 இல் கூர் தெ ஜெபலன் டாரட்டை எகிப்திய ஞானநூல் என்றார். எகிப்திய எழுத்துகள் வாசிக்கப்படுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த கூற்று இது. நால்வகை அறங்களுள் நீதி, உறுதி, அடக்கம் ஆகிய மூன்றும் சீட்டுகளில் இருப்பதைக் கண்ட அவர், விடுபட்ட விவேகமே இச்சீட்டு என்றும், சீட்டுச் செய்தவர் தவறுதலாகத் தலைகீழாக்கிவிட்டார் என்றும் கருதினார். கோட்பாட்டிற்குச் சான்று பொருந்தாதபோது சான்றே பிழையாக்கப்பட்டது.

1909 இல் இலண்டனில் வெளியான கட்டில், ஏ.ஈ. வெயிட்டின் கருத்திற்கேற்பப் பமேலா கோல்மன் ஸ்மித் இச்சீட்டை வரைந்தார். மார்செய் மரபுச் சீட்டில் கிளைகள் வெட்டப்பட்ட இரு மரங்களும் ஒரு குறுக்குக் கட்டையும் இருந்தன. புதிய சீட்டில் இலை துளிர்த்த ஒற்றைச் சிலுவை மரமும் தலையைச் சூழ்ந்த ஒளிவட்டமும் இடம்பெற்றன. வெயிட் இதனை மரணமன்று, இடைநிறுத்தப்பட்ட வாழ்வு என விளக்கினார். ஆனால் அவ்விளக்கம் பழைய சீட்டிலிருந்து பெறப்பட்டதன்று. விளக்கத்திற்கு ஏற்பச் சீட்டே மாற்றி வரையப்பட்டது.

பழைய சீட்டுகளிலும் தொங்குபவன் முகம் அமைதியாகவே உள்ளது என்பது எதிர்வாதமாகலாம். இவ்வமைதி ஆன்மிக வாசிப்பிற்கு இடமளித்தது என்பது உண்மை. எனினும் இடமளித்தல் வேறு, உணர்த்துதல் வேறு.

இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் டி.எஸ். எலியட். 1922 இல் வெளிவந்த ‘பாழ்நிலம்’ கவிதைக்கான குறிப்பில், இச்சீட்டைப் பிரேசர் கூறும் தொங்கும் தெய்வத்தோடு தம் மனத்தில் இணைத்ததாக அவர் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறார். ஜெபலன் கண்டுபிடிப்பாக முன்வைத்ததை எலியட் படைப்புரிமையாக முன்வைத்தார்.

முடிவுரை

பிற்காலப் பொருள் பொய்யன்று. அதற்கும் ஒரு காலமும் தேவையும் உண்டு. அதனைத் தொன்மைப் பொருளாகக் கொள்ளும்போதே சிக்கல் எழுகிறது. அப்போது அரசு ஒருவன்மேல் சுமத்திய அவமானம், அவனே விரும்பி ஏற்ற தவமாகத் தோற்றம் கொள்கிறது. தண்டித்தவர் காட்சியிலிருந்து மறைந்துவிடுகிறார். ஆகவே, ஒரு குறியீடு எதைக் குறிக்கிறது என்பதோடு யாருக்கு, எக்காலத்தில் குறித்தது என்பதையும் வினவுவதே குறியீட்டாய்வின் முதற்கடமையாகும்.